போன் செத்த நாளில் தோட்டத்துக்காக யார் பேசுவது?



2025 நவம்பர் 28ஆம் திகதி டித்வா புயல் நாட்டுக்குள் புகுந்தது. 600க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்கள்தான் அதிகம் இழந்தன. மண்சரிவைப் பற்றியும் நிவாரணத்தைப் பற்றியும் காணி, வீடு பற்றியும் சங்க மேடைகளில் நிறையப் பேசிவிட்டோம், இன்னும் பேசுவோம். இங்கே நாம் எடுத்துக்கொள்வது, அந்த நாட்களில் எல்லோரும் அனுபவித்து, கரண்ட் வந்த மறுநாளே எல்லோரும் மறந்துபோன ஒரு விஷயம். போன் வேலை செய்யவில்லை.

கரண்ட் போனது. டவர்கள் ஒவ்வொன்றாக நின்றன. பாதை உடைந்தது. பக்கத்து டிவிசனில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று நமக்கே தெரியாமல் போனது. கொழும்பில் கடைகளில் நிற்கும் பிள்ளைகளும், வளைகுடா நாடுகளில் வீட்டு வேலை செய்யும் தாய்மாரும், பதில் வராத நம்பரையே திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தார்கள். பல இடங்களில் இளைஞர்கள் சரிந்த மண்ணைத் தாண்டி நடந்துபோய்ச் சொன்ன பிறகுதான் டவுனுக்கே விஷயம் தெரிந்தது.

அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117. நல்ல இலக்கம், பிள்ளைகளுக்கும் மனப்பாடம். ஆனால் அதற்கு அழைக்கவும் ஒரு போன் வேலை செய்ய வேண்டுமே.

நாம் சொல்ல வருவது இதுதான். நமது தோட்டங்களில், நமது பிள்ளைகளுக்குள்ளிருந்து, அரசாங்க அனுமதிப்பத்திரம் பெற்ற அமெச்சூர் வானொலியாளர்கள் உருவாக வேண்டும். அவர்கள் வாரத்துக்கு ஒருமுறையாவது ஒருவரோடொருவர் பேசிப் பழகிய ஒரு வலையமைப்பாக இருக்க வேண்டும். அதைத் தொடக்கி வைக்கும் வேலையைச் சங்கம் எடுக்க வேண்டும்.

அமெச்சூர் வானொலி, அதாவது ஹேம் ரேடியோ என்றால் என்ன என்று சிலர் கேட்கலாம். ரேடியோ என்றாலே நமக்கு இலங்கை வானொலியின் பாட்டும் நாடகமும்தான் ஞாபகம் வரும். அதில் பேசுவது எப்போதும் வேறு யாரோ. நாம் கேட்பவர்கள் மட்டும். ஹேம் ரேடியோவில் கேட்பவரே பேசுபவர். டவர் இல்லை, சிம் இல்லை, மாதக் கட்டணம் இல்லை, நடுவில் கம்பெனி இல்லை. ஒரு கருவி, ஒரு கம்பி, ஒரு பன்னிரண்டு வோல்ட் பெற்றரி இருந்தால் போதும். இலாபத்துக்காக அல்லாமல் கற்றுக்கொள்ளவும் பேசவும் உதவவும் என்று உலகம் முழுக்க இந்த அலைவரிசைகள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. இங்கே அனுமதி கொடுப்பது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. பரீட்சை ஒன்று இருக்கிறது: நொவிஸ், ஜெனரல், அட்வான்ஸ்ட் என்று மூன்று படிகள். தேறியவருக்கு அவருக்கே உரிய அழைப்புக்குறி ஒன்று கிடைக்கும். இலங்கையர்களின் குறிகளில் பெரும்பாலும் 4எஸ்7 என்ற தொடக்கத்தைக் காணலாம். உலகத்தில் எந்த மூலையில் கேட்டாலும் அது இலங்கை என்று தெரியும்.

டவர் ஏன் நிற்கிறது என்பதையும் ஒரு நிமிடம் பார்த்துவிடுவோம். டவரின் அடியில் பெற்றரிகள் இருக்கின்றன. கரண்ட் போனால் அவை சில மணித்தியாலங்கள் தாங்கும். சில டவர்களுக்கு ஜெனரேட்டரும் உண்டு. அதற்கு டீசல் வேண்டும், டீசல் வர பாதை வேண்டும். டவருக்கு வந்துசேரும் ஃபைபர் கேபிளும் அநேகமாக அதே பாதையோரமாக, அதே பாலத்தின் மேல்தான் வருகிறது. பாலம் போனால் டவர் நின்றுகொண்டிருக்கும்; உயிர் இருக்காது. கரண்ட், பாதை, போன் என்று நாம் மூன்றாக நினைப்பது மலையில் ஒன்றுதான். ஒன்று போனால் மூன்றும் போகும்.

இப்படிப் போனால் என்ன ஆகும் என்பதற்கு, நம்மைப்போன்ற தோட்டத் தமிழர்களுக்கு நடந்த ஒன்றையே சொல்கிறோம். கேரளாவில் மூணாறுக்கு மேலே, ராஜமலைப் பக்கம், பெட்டிமுடி என்றொரு தேயிலைத் தோட்ட டிவிசன். தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறுப் பக்கத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன் மலையேறிப்போன குடும்பங்கள்தான் அங்கே அதிகம். 2020 ஆகஸ்ட் 6ஆம் திகதி இரவு, எல்லோரும் தூங்கப்போன நேரத்தில், மலை சரிந்து லயங்களை மூடியது. 70 பேர். அதற்கு முந்திய நாட்களிலிருந்தே விடாத மழை. கரண்ட் இல்லை, டவர் செயல்படவில்லை. பெரியவாரைப் பாலமும் போய்விட்டது. விஷயம் வெளி உலகத்துக்குப் போனது மறுநாள் காலையில், அதுவும் ஆள் நடந்துபோய்ச் சொன்ன பிறகு. ஒரு முழு இரவு. மண்ணுக்குள் உயிரோடு எத்தனை பேர் இருந்தார்கள், அந்த இரவில் ஆட்களும் இயந்திரமும் வந்திருந்தால் எத்தனை பேரை எடுத்திருக்கலாம் என்று கணக்குப் போட நமக்கு மனம் வரவில்லை. ஆனால் உதவி கேட்கவே முடியாத ஓர் இரவு இருந்தது என்பது மட்டும் நிச்சயம்.

நமது நாட்டிலேயே, செய்தி போன கதையும் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமியில் ஹம்பாந்தோட்டையோடு இருந்த தொடர்புகள் அறுந்தன. அப்போது ரேடியோ சொசைட்டி ஒஃப் ஸ்ரீலங்காவின் தலைவராக இருந்தவர் விக்டர் குணதிலக்க. அவருடைய அழைப்புக்குறி 4எஸ்7வீகே. அந்தச் சங்கத்து ஹேம்கள் சிற்றலைக் கருவியை எடுத்துக்கொண்டு ஹம்பாந்தோட்டைக்குப் போனார்கள். கார் பெற்றரியில் கருவியை இயக்கினார்கள். கொழும்பில் பிரதமரின் செயற்பாட்டு அறையில் இன்னொரு நிலையம் அமைந்தது. எத்தனை பேருக்குச் சாப்பாடு வேண்டும், எங்கே மருந்து வேண்டும், எந்தப் பாதை திறந்திருக்கிறது என்பதெல்லாம் அந்தக் கம்பி வழியாகப் போனது. விலையுயர்ந்த கருவிகள் கையைவிரித்த நேரத்தில், எழுபது எண்பது வருடப் பழைய தொழில்நுட்பம் வேலை செய்தது.

அதே நாளில் அந்தமானில் இன்னொன்று நடந்தது. பாரதி பிரசாத் என்ற இந்தியப் பெண்மணி ஒரு சிறு குழுவோடு போர்ட் பிளேயரில் ஒரு ஹோட்டலில் ஹேம் நிலையம் போட்டிருந்தார். அந்தத் தீவுகளிலிருந்து ஹேம் ரேடியோ இயக்க 17 ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த அனுமதி அது. நிலநடுக்கமும் சுனாமியும் வந்தபோது, உலக ஹேம்களோடு பொழுதுபோக்காகப் பேச வந்த அதே கருவி, தீவுக்கும் நிலப்பரப்புக்கும் நடுவே உயிர்ச்செய்தி கொண்டுபோகும் கருவியானது. யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று தேடிய குடும்பங்களுக்கு அங்கிருந்து பதில் போனது.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஹம்பாந்தோட்டைக்குக் கருவி பிறகுதான் போனது, வெளியிலிருந்து போனது. போர்ட் பிளேயரில் கருவியும் ஆளும் அனுமதியும் ஏற்கனவே அங்கே இருந்தன, அதுவும் தற்செயலாக. அந்த அனுமதி ஒரு மாதம் தள்ளிப் போயிருந்தால்? 2024 ஜூலை 30ஆம் திகதி வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலைத் தோட்டங்களை மண் மூடியபோதும் ஹேம்கள் வந்தார்கள், கல்பற்றாவில் நிலையம் அமைத்து உதவினார்கள். வந்தவர்களுக்கு நாம் கைகூப்புகிறோம். ஆனால் வெளியிலிருந்து வருகிறவர் வருவதற்குப் பாதை வேண்டும். பாதை இல்லாத முதல் 24 மணித்தியாலத்தில் பேசவேண்டியவர் லயத்தில் இருக்கிறவர்தான். அவர் கையில் கருவி இருக்க வேண்டும்; அதைப் பாவிக்கத் தெரிந்திருக்க வேண்டும்; பாவிக்க அவருக்கு உரிமை இருக்க வேண்டும்.

மலைக்கு எந்த ரேடியோ சரிவரும் என்பது இனி. இதில் கொஞ்சம் பொறுமை வேண்டும், ஏனென்றால் பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

கையில் பிடிக்கும் சிறிய வோக்கி டோக்கிகள் வீ.எச்.எப். என்ற அலைகளில் வேலை செய்கின்றன. ஹேம்கள் பாவிப்பது 144 மெகாஹேர்ட்ஸ் பக்கம். இந்த அலை நேர்கோட்டில் போகும். கொழுந்து மலையில் கங்காணி சத்தம் போட்டுக் கூப்பிடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். எதிர் மலையில் நிற்கும் ஆளுக்கு அது நன்றாகக் கேட்கும். மலை முதுகுக்கு அந்தப் பக்கம் இருக்கும் லயத்துக்கு, கால் மைல் தூரமென்றாலும், கேட்காது. ஹட்டனிலிருந்து மஸ்கெலியாவுக்கோ பொகவந்தலாவைக்கோ தலவாக்கலைக்கோ இடையில் எத்தனை முதுகுகள்! ஆகவே ஐந்து வொட் கைக்கருவியை மட்டும் வாங்கிக் கொடுத்துவிட்டு ஏற்பாடு முடிந்தது என்று யாராவது படம் எடுத்துப் போட்டால் நம்பாதீர்கள். அது ஒரு டிவிசனுக்குள், ஸ்டோருக்கும் மேல் லயத்துக்கும் நடுவே உதவும். அதற்கு மேல் போக வேண்டுமென்றால், நாலு பள்ளத்தாக்கையும் பார்க்கும் ஒரு உயரத்தில், கேட்டதைத் திருப்பிச் சொல்லும் ரிப்பீட்டர் வேண்டும். அதற்கு இடமும் அனுமதியும் கரண்டும் காவலும் வேண்டும். நல்லதுதான், ஆனால் அதுவும் ஒரு வகையில் டவர்தான், டவருக்கு வரும் கெட்ட காலம் அதற்கும் வரும்.

இன்னொரு வழி சிற்றலை. சிற்றலை என்றால் வெளிநாட்டுக்குப் பேசுவதற்கு என்றே பலர் நினைக்கிறார்கள். ஆன்டெனா கம்பியை உயரக் கட்டினால் அது அலையைத் தூரத்துக்குத்தான் எறியும். அதே கம்பியைத் தாழ்வாக, மூன்று நான்கு மீற்றர் உயரத்தில், இரண்டு கிரவிலியா மரங்களுக்கு நடுவே கட்டிவிட்டால், அலை நேராக மேலே போய், வானத்தின் மேலடுக்கில் பட்டு, மழை கொட்டுவதைப்போல நம்மைச் சுற்றியே திரும்ப இறங்கும். சில நூறு கிலோமீற்றர் வட்டத்துக்குள் மலை, பள்ளம் என்ற பேதமே இல்லை. மேலிருந்து விழுவதை எந்த மலை மறைக்கும்? பகலில் 7 மெகாஹேர்ட்ஸ், இரவில் 3.5 மெகாஹேர்ட்ஸ் பக்கம் பெரும்பாலும் சரிவரும். 7 மெகாஹேர்ட்ஸுக்குக் கம்பி மொத்தம் 20 மீற்றர் நீளம். ஒரு லய வரிசையை விடக் குறைவு. பண்டாரவளையிலிருந்தும் ஹட்டனிலிருந்தும் கொழும்பிலிருந்தும் ஒரே நேரத்தில் பேசிக்கொள்ள இப்படி முடியும். நமது மலைகளுக்காகவே யாரோ யோசித்துக் கண்டுபிடித்தது போலிருக்கிறது. காசுக் கணக்கு மட்டும் கொஞ்சம் கனம்: சிற்றலைக் கருவி புதிதாக வாங்கினால் சில இலட்சம் ரூபாய் போகும். ஆகவே அது தோட்டத்துக்கு ஒன்று அல்ல, பள்ளத்தாக்குக்கு ஒன்று. கைக்கருவி டிவிசனுக்கு டிவிசன், சிற்றலை பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு. இந்த இரண்டும் சேர்ந்ததுதான் நமக்குப் பொருத்தமான ஏற்பாடு என்பது எமது முடிவு.

கருவியை விடப் பெரிய விஷயம் பழக்கம். ஹேம்கள் இதை 'நெட்' என்கிறார்கள். நெட் என்றால் குறித்த நாளில், குறித்த நேரத்தில், குறித்த அலைவரிசையில் எல்லோரும் கூடுவது. நடுவில் ஒருவர் கட்டுப்பாட்டாளர். பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிடுவதைப்போல ஒவ்வொரு நிலையமாகக் கூப்பிடுவார். கூப்பிட்டவர் மட்டும் பேசுவார். ஒருவர் அழுத்திப் பேசும்போது இன்னொருவரும் அழுத்தினால் இருவர் பேச்சும் கெடும். சங்கக் கூட்டத்தில் ஐந்து பேர் ஒரே நேரத்தில் பேசிப் பழகிய நமக்கு இதுதான் கடினமான பாடமாக இருக்கும்! அவசரச் செய்தி உள்ளவர் குறுக்கே வரலாம்; அவர் வந்தால் மற்ற எல்லோரும் வாய்மூடிக் காத்திருக்க வேண்டும். வந்த செய்தி, கொடுத்த செய்தி எல்லாம் நேரத்தோடு கொப்பியில் எழுதப்பட வேண்டும்.

செய்தி எப்படி இருக்க வேண்டும் என்பதும் பழகவேண்டியதே. "ஐயோ, இங்கே எல்லாம் போச்சு" என்றால் கொழும்பிலோ நுவரெலியாவிலோ இருக்கிறவர் என்ன செய்வார்? எந்தத் தோட்டம், எந்த டிவிசன், எத்தனையாம் நம்பர் லயம், எத்தனை குடும்பம், காயம் எத்தனை பேர், காணவில்லை எத்தனை பேர், பாதை எந்த இடத்தில் உடைந்தது, என்ன வேண்டும், சொல்கிறவர் யார், நேரம் என்ன. இவ்வளவும் அரை நிமிடத்தில் சொல்லலாம், பழகியிருந்தால்.

தோட்டத்தின் பெயரிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. வெளியாட்களுக்கு இது தெரியாது. காகிதத்தில் தோட்டத்துக்கு ஓர் ஆங்கிலப் பெயர். நம்மவர்கள் பரம்பரையாகச் சொல்வது வேறொரு தமிழ்ப் பெயர். கிராம உத்தியோகத்தர் பிரிவின் பெயர் மூன்றாவது. ஒரே பெயரில் இரண்டு மூன்று இடங்களும் உண்டு. ஹெலிகொப்டரில் சாப்பாட்டுப் பொதி கொண்டுவருகிறவருக்கு இந்த மூன்று பெயரும் ஒரே இடம் என்று யார் சொல்வது? ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் எந்தக் கருவியும் வாங்காமலே இன்றைக்கே செய்யக்கூடிய வேலை, இந்தப் பெயர்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, லய நம்பரும் குடும்ப எண்ணிக்கையும் சேர்த்து ஒரு பட்டியல் போடுவது. 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் புதைந்தபோது முதல் நாட்களில் நூற்றுக்கணக்கானோர் என்று செய்தி ஓடியது; பிறகு எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. எத்தனை பேர் என்றே தெரியாமல் தேடுவதன் வேதனை அந்தச் சனங்களுக்குத்தான் தெரியும்.

மீரியபெத்தை என்றதும் சில தோழர்கள் கேட்பார்கள்: அங்கே எச்சரிக்கை வரவில்லையா? வந்தது. 2005லும் 2011லும் அந்த இடம் ஆபத்து என்று சொல்லப்பட்டிருந்தது. போவதற்கு வேறு வீடும் காணியும் கொடுக்கப்படவில்லை, சனம் இருந்தது, மலை வந்தது. இதை நாம் மறைக்கவில்லை. ரேடியோ வீடாகாது. ஆபத்தான லயங்களை அகற்றிப் பாதுகாப்பான காணியில் வீடு கட்டித் தரவேண்டும் என்ற கோரிக்கையிலிருந்து ஓர் அங்குலமும் பின்னால் போகும் எண்ணம் நமக்கில்லை. யாராவது ஒரு கருவியைக் கையில் கொடுத்து 'இனி நீங்கள் பாதுகாப்பு' என்று சொன்னால் அந்தக் கருவியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஆனால் வீடு வரும்வரை மழை பெய்யாமல் இருக்கப்போவதில்லையே.

மழை என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்கு மழையளவையே அடிப்படையாக வைத்திருக்கிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் கவனமாக இருக்க வேண்டும். 100 தாண்டினால் தயாராக வேண்டும். 150 தாண்டினாலோ, ஒரு மணித்தியாலத்திலேயே 75 கொட்டினாலோ வெளியேற வேண்டும். பழைய கணக்கில் சொன்னால் மூன்று இன்ச், நான்கு இன்ச், ஆறு இன்ச். தோட்டங்களில் மழைமானி வைத்து காலையில் அளந்து எழுதும் வழக்கம் வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே இருக்கிறது. அந்த அளவு ஒபீஸ் புத்தகத்தில் ஏறுகிறது. கொழுந்து எவ்வளவு வரும், உரம் எப்போது போடலாம் என்று பார்க்கப் பயன்படுகிறது. லயத்தில் படுத்திருக்கிறவருக்கு அந்த எண் தெரியாது. வாராந்த நெட்டிலும், மழைக்காலத்தில் தினமும், ஒவ்வொரு நிலையமும் முதலில் சொல்ல வேண்டியது அந்த எண்தான். மேல் பள்ளத்தாக்கில் ஆறு இன்ச் பெய்திருக்கிறது என்று கீழ்ப் பள்ளத்தாக்குக்கு இரவு பத்து மணிக்குத் தெரிந்தால், பாடசாலைக்கோ கோவிலுக்கோ சனத்தை நகர்த்த நேரம் இருக்கும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் அளக்கலாம்; அடிப்பக்கமும் வாய்ப்பக்கமும் ஒரே அகலமுள்ள ஒரு டின்னும் ஒரு அடிமட்டமும் போதும், விஞ்ஞான பாடத்துக்கும் ஆகும். அவசரம் வராத நாட்களில் நெட் தூங்கிப்போகாமல் இருப்பதற்கு இப்படியொரு தினசரி வேலை அவசியம். வருடத்துக்கு ஒருமுறை எடுத்துத் தூசி தட்டும் கருவி, தேவையான இரவில் வேலை செய்யாது. இதை நாம் திரும்பத் திரும்பச் சொல்வோம்.

ஆள் யார்? பொடியன்கள் ஆர்வமாக வருவார்கள், சந்தேகமில்லை. ஆனால் சாதாரணதரம் முடித்த பொடியன் அடுத்த வருடம் கொழும்பில் இருப்பான். இரவு இரண்டு மணிக்குத் தோட்டத்தில் இருக்கப்போவது யார் என்று பார்த்துத்தான் ஆள் தேட வேண்டும். முன்பள்ளி ஆசிரியை, பிள்ளைக்காம்பராவில் வேலை செய்யும் அக்கா, பாடசாலை ஆசிரியர்கள், கொழுந்தெடுக்கும் பெண்களில் படிப்பில் விருப்பமுள்ள இளையவர்கள். அரைவாசிப் பேராவது பெண்களாக இல்லாத நெட் மலையகத்தில் நிலைக்காது என்பது எமது உறுதியான அபிப்பிராயம். பரீட்சைக்குத் தேவையான மின்னியல், நாம் பத்தாம் பதினோராம் வகுப்பில் படிப்பிக்கும் பாடத்திலிருந்து அதிக தூரம் இல்லை. விண்ணப்பம், பாடக்குறிப்பு, வினாத்தாள் மூன்றும் தமிழில் கைக்குக் கிடைக்க வேண்டும். ஆணைக்குழுவிடம் எழுத்தில் கேட்டு இதை உறுதிசெய்வது சங்கத்தின் வேலை, தனியாளின் வேலை அல்ல. நெட்டில் தமிழில் பேசலாம். மறைமொழிதான் கூடாது, தாய்மொழி கூடும். மாவட்ட மட்டத்தில் செய்தி வாங்குகிற இடத்தில் மட்டும் தமிழும் சிங்களமும் சரளமாகத் தெரிந்த ஒருவர் இருந்தே ஆக வேண்டும்.

மனதில் இருந்தும் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு பயத்தையும் சொல்லிவிடுவோம். யுத்த காலத்தில் ஒரு தமிழ் இளைஞன் கையில் வோக்கி டோக்கி இருந்தால் அவன் கதி என்ன என்று நமது பெற்றோருக்குத் தெரியும். "உனக்கெதுக்குடா அந்த வேலை" என்று அம்மா தடுத்தால் அது அறியாமை அல்ல, அனுபவம். அதனால்தான் சொல்கிறோம்: ஒன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது என்று அனுமதியில்லாத கருவியை யாரும் வாங்க வேண்டாம். அது சட்டப்படி குற்றம். பிடிபட்டால் முழு முயற்சிக்கும் கெட்ட பெயர். அனுமதிப்பத்திரம் நமக்குத் தடை அல்ல, கேடயம். பெயர், அழைப்புக்குறி, நிலையம் இருக்கும் இடம் எல்லாம் ஆணைக்குழுவில் பதிவாகி, பிரதேச செயலகத்துக்கும் பொலிசுக்கும் முன்கூட்டியே அறிவித்திருந்தால், புயல் நாளில் யாரும் வந்து 'இது என்ன கருவி' என்று கேட்க மாட்டார்கள். சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வானொலி விதிகளில் 25ஆம் பிரிவு, அனர்த்த நேரத் தொடர்புக்கு அமெச்சூர் நிலையங்கள் ஆயத்தமாவதற்கு நாடுகள் வழி செய்யவேண்டும் என்று ஊக்குவிக்கிறது. வந்த பிறகு உதவுவதற்கு மட்டுமல்ல, வருமுன் ஆயத்தமாவதற்கு. அரசாங்கத்திடம் பேசும்போது இது நமக்கு உதவும்.

விதிகளில் நமக்குப் பிடிக்காததும் உண்டு. இந்த அலைவரிசையில் வியாபாரம் பேச முடியாது. சங்க வேலையும் பேச முடியாது; வேலைநிறுத்தம் எப்போது, கூட்டம் எங்கே என்பதற்கெல்லாம் போனும் சுவரொட்டியும்தான். பேசுவதை யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்பதால், இறந்தவரின் பெயரை வீட்டாருக்குத் தெரியுமுன் அலையில் சொல்லக்கூடாது என்ற ஒழுங்கையும் நாமே வைத்துக்கொள்ள வேண்டும். வேறு சங்கத்துத் தோழர் கூப்பிட்டால் பதில் சொல்லாமல் இருப்பது என்பது இங்கே கிடையவே கிடையாது. எல்லாச் சங்கங்களும் சேர்ந்து செய்தால் இன்னும் நல்லது. யார் தலைமை என்று அடித்துக்கொண்டு இதையும் கெடுத்துவிடாமல் இருந்தால் சரி.

'இனி செற்றலைட் இன்டர்நெட் வந்துவிட்டதே' என்று சிலர் சொல்கிறார்கள். ஸ்டார்லிங்க் 2025 ஜூலையில் இலங்கைக்கு வந்துவிட்டது உண்மைதான். வசதியான இடத்தில், பிரதேச செயலகத்தில், வைத்தியசாலையில் அதை வைக்கட்டும், வரவேற்கிறோம். ஆனால் மாதாமாதம் கட்டணம் கட்டி ஒவ்வொரு டிவிசனிலும் அதை யார் வைத்திருப்பார்? வைத்தாலும் அது யார் வீட்டுக் கூரையில் இருக்கும்? ஒரு காலத்தில் தோட்டத்தில் போன் என்றால் அது ஒபீசிலும் பங்களாவிலும்தான். லயத்தில் ஒருவருக்கு உயிர்போகும் நேரத்திலும் அந்த வாசலில் போய் நின்று கேட்க வேண்டும். இன்று எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. டவர் நின்ற நாளில் நாம் மறுபடியும் அதே வாசலில்தான் நின்றோம். ரேடியோவை எங்கே வைப்பது என்ற கேள்வியில் அதனால்தான் நாம் பிடிவாதமாக இருக்கிறோம்: பாடசாலையில், அல்லது கோவில் மண்டபத்தில். அனர்த்த நேரத்தில் சனம் எப்படியும் அங்கேதான் வந்து சேரும். கூரையில் ஒரு சோலார் தட்டு, கீழே ஒரு பெற்றரி, சுவரில் ஒரு தோட்ட வரைபடம்.

'இது அரசாங்கத்தின் வேலையல்லவா, சங்கச் சந்தாப் பணத்தை இதில் போடலாமா' என்பது நியாயமான கேள்வி. 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தின்படி பொறுப்பு அரசாங்கத்தினுடையது. சிற்றலைக் கருவிகளுக்கும் ரிப்பீட்டருக்கும் பணம் அங்கிருந்து வரட்டும். தொழிலாளர் நலனுக்குப் பொறுப்பான கம்பெனிகளும் தமது பங்கைக் கொடுக்கட்டும். கேட்போம், விடாமல் கேட்போம். சங்கம் செலவழிக்க வேண்டியது ஆளுக்காக: பரீட்சைக் கட்டணம், கொழும்புக்குப் போய்வரும் பஸ் செலவு, ஒரு நாள் பேர் போனால் அந்த நாள் சம்பளம். ஆள் தயாரானால் கருவி கேட்க நமக்கு வாய் இருக்கும். கருவி முதலில் வந்தால் அது அலுமாரியில் பூட்டப்பட்டு, சாவி யாரிடமோ இருக்கும்.

அடுத்த மாவட்டக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் இரண்டு பெயர் கொண்டுவாருங்கள். ஒன்று பெண்ணின் பெயராக இருக்கட்டும், இரண்டு பேரும் தோட்டத்திலேயே இருக்கிறவர்களாக இருக்கட்டும். தோட்டத்தின் மூன்று பெயர்களும் லயக் கணக்கும் எழுதிய பட்டியலையும் மறக்காதீர்கள். ஹட்டனில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு ஒன்றைத் தொடங்க இருபது பேர் போதும். படிப்பிக்க நாம் இருக்கிறோம், ரேடியோ சொசைட்டியிலிருந்து ஒருவரை அழைத்துக் கேட்போம். முதல் பத்துப் பேர் பரீட்சையில் தேறிய வாரமே, கருவி எத்தனை இருக்கிறது என்று பார்க்காமல், நெட்டின் நேரத்தைக் குறித்துவிடலாம்: ஞாயிறு காலை, கோவிலுக்கும் டவுனுக்கும் போகுமுன், எட்டு மணிக்கு.